மீர் சாகிபின் கை

பிரேம்சந்தின் 'சதுரங்க ஆட்டக்காரர்கள்' கதையில் கடைசிச் சண்டை எதனால் வருகிறது என்று, வாசிக்கிற நண்பர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "நாடு பறிபோனதைப் பத்தி ஏதோ வாக்குவாதம் வரும்ல?" என்றார் ஒருவர். "பொண்டாட்டி விஷயம்" என்றார் இன்னொருவர். அவர் சத்யஜித் ராயின் படத்தைப் பார்த்துவிட்டு, கதையையும் படித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். லக்னோ, நவாப், வெள்ளைக்காரன், உருவிய வாள் எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சண்டைக்கான காரணம் மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

காரணம் ஒரு கை. மீர் சாகிப் ஒரு காயை எடுத்து ஒரு கட்டத்தில் வைக்கிறார். வைத்த பிறகுதான் தன்னுடைய ஃபர்ஜி (நம்முடைய ராணி) வெட்டுப்படப் போவது தெரிகிறது. ஆட்டத்தை மாற்றப் பார்க்கிறார். மிர்ஸா விடவில்லை. ஆடியது ஆடியதுதான், காய் அங்கேயே இருக்கட்டும் என்கிறார். காயைவிட்டுக் கையையே எடுக்கவில்லை, அப்புறம் எப்படி ஆடியதாகும் என்பது மீரின் வாதம். கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தால் ஆட்டம் எப்போதுதான் நகரும் என்பது மிர்ஸாவின் கேள்வி. அங்கிருந்து பேச்சு பரம்பரைக்குத் தாவுகிறது. யாருடைய முன்னோர் புல் வெட்டியவர், யாருடைய முன்னோர் சமையல்காரர் என்று ஆரம்பித்து, வாளை உருவி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள்.

கிளப்பில் செஸ் ஆடும் யாருக்கும் இந்த இடத்தில் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும். இது 'டச் மூவ்' தகராறு. வாரம் தவறாமல் ஏதாவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிற ரேட்டிங் போட்டியில், ஏதாவது ஒரு மேஜையில் நடந்துகொண்டிருப்பது. 1924-இல் வெளியான கதை. 1856-இல் நடப்பதாகச் சொல்லப்படுவது. நான் படித்த சதுரங்கக் கதைகளிலேயே, நான் ஆடுகிற சதுரங்கம் இருக்கிற கதை இது ஒன்றுதான்.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள். நாடு எரியும்போது சொக்கட்டான் ஆடிய சோம்பேறி ஜமீன்தார்களின் கதை, நிலப்பிரபுத்துவச் சீரழிவு, சதுரங்கம் அதற்கு ஒரு குறியீடு. தப்பு என்று சொல்ல மாட்டேன். பிரேம்சந்தே அப்படிப் படிக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். தங்கள் அரசனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்கள் மரத்தால் செய்த மந்திரிக்காக உயிரை விட்டார்கள் என்கிற கசப்பு கதையின் முடிவில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் குறியீடு என்று சொல்லிவிட்டால் காய்களைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படிப் பார்க்காமல் போவதால் கதையின் சிறந்த பகுதி நம் கண்ணில் படாமல் போகிறது.

1

முதலில் மற்ற சதுரங்கக் கதைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

ஸ்டெஃபான் ஸ்வெய்க்கின் 'சதுரங்கக் கதை' எல்லோருக்கும் தெரிந்தது. பிரேசிலில் அகதியாக இருந்த கடைசி மாதங்களில் எழுதி, 1942-இல் அவர் இறந்தபின் வெளிவந்தது. நியூயார்க்கிலிருந்து புவெனஸ் அயர்ஸ் போகும் கப்பலில் உலக சாம்பியன் செந்தோவிச் இருக்கிறான். அவனைச் சந்திக்க விரும்பும் கதைசொல்லி ஒரு தந்திரம் செய்கிறார். புகைபிடிக்கும் அறையில் தன் மனைவியோடு செஸ் ஆட உட்காருகிறார். இரண்டு பேருமே சுமாரான ஆட்டக்காரர்கள். பறவை பிடிப்பவன் பொறி வைப்பது போல, சாம்பியனை இழுப்பதற்கு இந்த ஆட்டம். பொறியில் முதலில் வந்து விழுவது மெக்கானர் என்கிற பணக்கார எஞ்சினியர். தோற்பதையே தாங்க முடியாத, முகம் சிவக்கிற ஆள். எந்த கிளப்பிலும் இருக்கிற ஆள். ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து சாம்பியனோடு ஆடுகிறார். பிறகு கூட்டத்திலிருந்து டாக்டர் பி. வருகிறார். கெஸ்டபோவின் தனிமைச் சிறையில் ஒரு செஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு பைத்தியத்தின் விளிம்புவரை போனவர். அதன்பின் கதை முழுக்க அவருடையது. மெக்கானர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்.

மகத்தான கதைதான். நான் கவனிக்கச் சொல்வது அந்தப் பொறியை. சாதாரண ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஆடுவது, மேதைகள் வரும்வரை போட்டு வைத்த இரை. அந்த ஆட்டத்தில் யார் நன்றாக ஆடினார், எங்கே திரும்பியது என்று ஸ்வெய்க் சொல்வதில்லை. யாருக்கும் தேவையும் இல்லை.

நபக்கோவ் ரஷ்ய மொழியில் எழுதிய லூஷின் நாவல் 1930-இல் வந்தது. லூஷினும் இத்தாலிய ஆட்டக்காரன் துராத்தியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. அந்த ஆட்டத்தை இசையைப் போலவே எழுதியிருப்பார் நபக்கோவ். ஆனால் துராத்தி என்கிற மனிதன் நாவலில் கிட்டத்தட்ட இல்லை. அவன் ஒரு பாணி, ஓர் அச்சுறுத்தல். எதிரே உட்கார்ந்திருப்பவனின் மூச்சுச் சத்தம் லூஷினுக்குக் கேட்பதில்லை, நமக்கும் கேட்பதில்லை.

வால்டர் டெவிஸின் 'குவீன்ஸ் கேம்பிட்' 1983-இல் நாவலாக வந்து, 2020-இல் தொடராகி, ஊரடங்குக் காலத்தில் எல்லோரையும் செஸ் போர்டு வாங்க வைத்தது. பெத் ஹார்மன் மேதை. அவளிடம் தோற்கிற பெல்டிக் என்று ஒருவன் வருகிறான். மாநில அளவில் நல்ல ஆட்டக்காரன். பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறான், கொஞ்ச நாளில் தன் உயரம் என்ன என்று புரிந்துகொண்டு படிப்பைப் பார்க்கப் போய்விடுகிறான். எனக்கு அந்தத் தொடரில் மறக்காமல் இருப்பவன் அவன்தான். கதைக்கு அவன் ஒரு படிக்கட்டு. ஏறிப் போனபின் யாரும் படிக்கட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை'யில் வீரன் ஒருவன் மரணத்தோடு ஆடுகிறான். முடிவு தெரிந்த ஆட்டம். நம் பக்கத்துக் கதையும் அப்படித்தான். திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்று சிவனுக்குப் பெயர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை, சித்தர் வேடத்தில் வந்து ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தலபுராணம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆடியவர் சாமி. அது எப்படிச் சமமான ஆட்டம் ஆகும்?

மேதை, பைத்தியம், மரணம், கடவுள். சதுரங்கம் என்றதும் கதைகள் இந்த நான்கு பக்கம்தான் ஓடுகின்றன. ஏறத்தாழ ஒரே பலமுள்ள, பெரிய திறமை எதுவும் இல்லாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

2

அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். என்னுடைய ரேட்டிங் 1500-ஐ ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருப்பது.

ரேட்டிங் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அர்பாத் எலோ என்கிற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறை. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், பெரியவர் பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கிறது. 200 என்றால் நான்கில் மூன்று. வித்தியாசமே இல்லை என்றால் சரிபாதி. என்னை மாதிரி ஆட்களுக்கு, சம ரேட்டிங் உள்ளவரை ஜெயித்தால் பத்துப் புள்ளி ஏறும், தோற்றால் பத்து இறங்கும். அந்த இடத்தில் கணிதம் கையை விரித்துவிடுகிறது. உங்கள் இருவரைப் பற்றியும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது.

தபால் துறையில் ரிட்டயர் ஆன ஒருவரோடு நான் வருஷக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறேன். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கிளப் நோட்டில் இதுவரை பதினேழு ஆட்டம் இருக்கிறது. அவர் ஏழு, நான் ஏழு, மூன்று டிரா. அவருக்கு என் ஓப்பனிங் எல்லாம் மனப்பாடம். எனக்கு அவர் எப்போது தண்ணீர் குடிப்பார் என்று தெரியும். பொசிஷன் மோசமாகும்போதுதான் பாட்டில் மூடியைத் திறப்பார். நான் காலாட்டினால் ஏதோ பொறி வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும் என்பதால், சும்மாவும் ஆட்டுவேன்.

பெரிய ஆட்டக்காரர்களிடம் தோற்பதில் ஒரு சமாதானம் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டரிடம் இருபது மூவில் அடிவாங்கினால் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லலாம். பொடிப் பையனை ஜெயித்தால் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. சமமானவரிடம் தோற்பதற்குத்தான் எந்தச் சாக்கும் கிடையாது. அவர் புத்திசாலி என்று சொல்ல முடியாது, போன வாரம் நாம் அவரை ஜெயித்தோம். நமக்குத் திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது, அதே காரணம்தான். மிஞ்சுவது அன்றைக்கு, அந்த மணி நேரத்தில், நாம் எப்படி இருந்தோம் என்பது மட்டும். வெறும் ஒரு விளையாட்டுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

ஒருமுறை சாரோடு ஆடும்போது இது நடந்தது. என் பிஷப் அவருடைய யானையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் வேறொரு திட்டத்தில் குதிரை மேல் கையை வைத்தார். விரல் பட்டதும் யானை கண்ணில் பட்டிருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. ஆர்பிட்டர் ஹாலின் அந்த மூலையில் இருந்தார். பக்கத்து போர்டுக்காரர்கள் அவரவர் ஆட்டத்தில் இருந்தார்கள். பார்த்தது நான் ஒருவன்தான். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்தாறு நிமிடம் யோசித்துவிட்டு, அதே குதிரையை, இருப்பதில் நல்ல கட்டம் பார்த்து நகர்த்தினார். நான் யானையை வெட்டினேன். பிஷப்புக்கு யானை, நல்ல லாபம். பிறகு இரண்டு மணி நேரம் அவர் சிப்பாய்களைச் சுவர் மாதிரி அடைத்து வைத்துக்கொண்டு எனக்கு வழியே விடவில்லை. டிரா. வெளியே வந்து டீ குடிக்கும்போதுகூட அந்தக் குதிரையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மீர் சாகிபின் கையை நான் படிப்பது இந்தக் கையை வைத்துத்தான்.

3

இப்போது பிரேம்சந்திடம் திரும்பலாம். இரண்டு பேரும் சம பலமுள்ளவர்கள் என்று அவர் எங்கும் நேராக எழுதவில்லை. காட்சிகளை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

முதல் காட்சி மிர்ஸாவின் வீடு. உள்ளேயிருந்து பேகம் தலைவலி என்று ஆள்மேல் ஆளாக அனுப்புகிறாள். மிர்ஸா எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் இன்னும் இரண்டு செக்கில் மீர் மாட்டிக்கொள்ளப் போகிறார். அப்போது மீர் என்ன சொல்கிறார்? பெண்கள் மென்மையான சுபாவம் உள்ளவர்கள், போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறார். எவ்வளவு கனிவு! அவர் தோற்கிற ஆட்டம் அது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, கோமதி ஆற்றுக்கு அப்பால் பாழடைந்த மசூதி. ஆங்கிலேயப் படை வருவது தெரிகிறது. மீருக்குக் கவலை வந்துவிடுகிறது. ஊருக்கு என்ன ஆகுமோ என்கிறார். மிர்ஸாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. முதலில் செக்கைப் பாருங்கள் என்கிறார். இங்கேயும் செக்கில் நிற்பது மீருடைய ராஜா.

மூன்றாவது, அதே நாள் மாலை. படை திரும்புகிறது, கைதியாக நவாபைக் கூட்டிக்கொண்டு. இப்போது மிர்ஸாவின் ஆட்டம் பலவீனமாக இருக்கிறது. திடீரென்று அவருக்கு மனசு சரியில்லை. பாவம் நவாப், எப்படித் துடிப்பாரோ, இந்த நேரத்தில் ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை என்கிறார். மீர் அதைக் காதில் வாங்காமல் செக் வைக்கிறார். அந்த ஆட்டத்தில் மிர்ஸா தோற்றதும் இன்னொரு திருப்பம். ஜெயித்த மீர் இப்போது தாராளமாக, நவாபுக்காக ஓர் இரங்கற்பா பாடலாமே என்கிறார். மிர்ஸாவுக்கோ உடனே அடுத்த ஆட்டம் வேண்டும். அவருடைய ராஜபக்தி தோல்வியோடு சேர்ந்து மறைந்துவிட்டது என்று பிரேம்சந்தே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்.

மூன்று காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று விளங்கும். தோற்கிறவருக்குத்தான் மனைவியின் தலைவலி ஞாபகம் வருகிறது. தோற்கிறவருக்குத்தான் நாடு ஞாபகம் வருகிறது. ஆட்டம் மாறினால் நாட்டுப்பற்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பேரில் ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர் என்று பிரித்திருந்தால் இந்த நகைச்சுவை வராது. ஒருவர் எப்போதும் ஜெயிப்பவர் என்றிருந்தாலும் வராது. சமபலம்தான் இந்தக் கதையின் எந்திரம். நம்முடைய அறவுணர்ச்சி பலகையில் நம் நிலைமையைப் பொறுத்து வந்து போகிறது என்கிற விஷயத்தை, இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றித் தோற்கவைத்துக் காட்டிவிட்டார்.

சீரழிந்த நவாப் காலத்துப் பிரபுக்களை மட்டும் கேலி செய்கிற கதை என்று நினைத்தால் நமக்கு அதில் பங்கில்லை. நாம் வேலைக்குப் போகிறவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். ஆனால் தோற்கும்போது மட்டும் அறம் பேசுகிற பழக்கம் யாரிடம் இல்லை?

4

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். மிர்ஸா தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு நான்காவதில் இருக்கிறார். மீர் உற்சாகத்தில் கஜல் பாடிக்கொண்டு ஆடுகிறார். சம பலமுள்ளவர் எதிரே உட்கார்ந்து பாட்டுப் பாடினால் எப்படியிருக்கும் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிர்ஸா விதி பேச ஆரம்பிக்கிறார். தொட்டால் ஆட வேண்டும், ஆடியதை மாற்றக் கூடாது, ஒரு மூவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால் தோற்றதாகக் கணக்கு.

இது வெறும் எரிச்சலில் வந்த பேச்சாகத் தோன்றும். ஆனால் 1856-ஐ ஒட்டி உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் இதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருடம் முன்னால், 1851-இல், லண்டனில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. கடிகாரம் கிடையாது. ஹோவர்ட் ஸ்டாண்டன், எலைஜா வில்லியம்ஸிடம் தோற்றுவிட்டு, அந்த ஆள் யோசித்தே என்னைக் கொல்கிறான் என்கிற ரீதியில் புலம்பினார். பிறகுதான் மணற்கடிகாரம் வந்தது. 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. அதாவது லக்னோவின் ஒரு சோம்பேறிப் பிரபு, தோல்வியின் கடுப்பில், நவீன சதுரங்கத்துக்குத் தேவையான இரண்டு அடிப்படை விதிகளையும் கேட்டுவிட்டார். கேட்டுக்கொடுக்கத்தான் அங்கே ஆளில்லை.

சரி, விதிப்படி யார் பக்கம் நியாயம்? இன்றைய ஃபிடே விதியை வைத்துப் பார்த்தால் இருவரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். ஆனால் கையை எடுக்காதவரை அதே காயை வேறு கட்டத்தில் வைக்கலாம். மீரின் கை காயில் இருந்ததென்றால் கட்டத்தை மாற்ற அவருக்கு உரிமை உண்டு. எடுத்துவிட்டார் என்றால் மிர்ஸா சொல்வதுதான் சரி. ஆக எல்லாமே அந்தக் கையைப் பொறுத்தது. கதையில் எல்லாவற்றையும் தெரிந்து தீர்ப்பும் சொல்கிற பிரேம்சந்த், இந்த ஒரு இடத்தில் மட்டும் சாட்சி சொல்லவில்லை. கை எடுபட்டதா இல்லையா என்று எழுதவில்லை. மீர் ஒன்று சொல்கிறார், மிர்ஸா ஒன்று சொல்கிறார், அவ்வளவுதான்.

சமமானவர்களுக்குள் வருகிற தகராறு இப்படித்தான் இருக்கும். ஏற்றத்தாழ்வு இருந்தால் பெரியவன் விட்டுக்கொடுத்துவிடலாம், சின்னவன் பயந்து அடங்கிவிடலாம். சரி, இன்னொரு தடவை ஆடிக்கோ என்று குழந்தையிடம் சொல்கிறோம், சமமானவரிடம் சொல்வதில்லை. சமமானவர்களுக்கு இடையில் ஒரு மூன்றாவது தேவைப்படுகிறது. கடிகாரம், ஸ்கோர் ஷீட், ஆர்பிட்டர். இல்லையென்றால் சாரிடம் இருந்தது போல, யாரும் பார்க்காதபோதும் குதிரையை நகர்த்துகிற ஒரு மனசு. மசூதியில் இதில் எதுவும் இல்லை. இருந்தது இடுப்பில் வாள்.

இந்த இடத்தில்தான் அரசியலும் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன், குறியீடாக இல்லாமல். 1837-இல் கம்பெனி அவத் அரசரோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. லண்டனில் இருந்த இயக்குநர்கள் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தியை அரசருக்கு முழுதாகச் சொல்லவும் இல்லை. 1856 பிப்ரவரியில் வாஜித் அலி ஷா புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தபோதும் ராஜ்ஜியம் போயிற்று. தொட்ட காயைத் திரும்ப வைத்துக்கொள்வது, தனக்கு வேண்டியபோது விதியை மாற்றுவது, எல்லாம் அங்கேயும் நடந்தன. ஆனால் அங்கே தகராறு வரவில்லை. சமபலம் இல்லாத இடத்தில் டச் மூவ் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நாட்டில் நியாயமான ஓர் ஆட்டத்துக்கு வழியே இல்லாமல் போன காலத்தில், இரண்டு பேர் பாழடைந்த மசூதியில் உட்கார்ந்து நியாயமான ஆட்டம் வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டுச் செத்திருக்கிறார்கள். பிரேம்சந்த் அவர்களைக் கண்டிக்கிறார். நானும் கண்டிக்கிறேன். ஆனாலும் அவர்கள் கேட்டது அற்பமான விஷயம் இல்லை.

5

ராய் 1977-இல் படமெடுத்தபோது முடிவை மாற்றினார். சஞ்சீவ் குமார் மிர்ஸா, சயீத் ஜாஃப்ரி மீர். படத்தில் சண்டை வெடிப்பது மீரின் மனைவி பற்றிய பேச்சில். மீரின் துப்பாக்கி வெடிக்கிறது, ஆனால் யாரும் சாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் மறுபடி காய்களை அடுக்குகிறார்கள். இந்த முறை ஆங்கிலேயர் விதிப்படி.

ராய் முடிவை மென்மையாக்கிவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆளைக் கொன்றுவிட்டால் நாளைக்கு யாரோடு ஆடுவது என்கிற பயத்தை ராய் கண்டுபிடித்திருக்கிறார். சமமான எதிராளி லேசில் கிடைப்பதில்லை. நம் ஆட்டம் முழுதும் அறிந்த ஒரே ஆள் அவர்தான், அவர் போய்விட்டால் நம்முடைய பத்து வருட ஆட்டத்துக்குச் சாட்சி இல்லை. அந்த வகையில் ராயின் முடிவு கிளப்புக்கு நெருக்கமானது. மிர்ஸாவின் மனைவி காய்களை ஒளித்து வைத்ததும் சமையலறையில் கிடைத்ததையெல்லாம் காய்களாக வைத்து ஆடுகிறார்களே, அந்தக் காட்சியும் அப்படித்தான். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், ஆனால் அந்தத் தவிப்பு நிஜம்.

ராய் இழந்தது சண்டையின் காரணத்தை. மனைவி, மானம் என்று வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள், அதற்குச் சதுரங்கம் தேவையில்லை. காயைவிட்டுக் கை எடுபட்டதா என்று சண்டை போடுவதற்குத்தான் ஆட்டக்காரர்கள் வேண்டும். முடிவுக்கு ராய், சண்டைக்கு பிரேம்சந்த் என்பது என் கட்சி.

6

இதையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதன்பின் நம் ஊரில் சதுரங்கத்தைப் பற்றி எழுதுவது என்றால் மேதைகளைப் பற்றி எழுதுவது என்று ஆகிவிட்டது. பெருமைப்பட வேண்டியதுதான், நானும் அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் வார இறுதிப் போட்டிகளுக்குப் போய்ப் பாருங்கள். முதல் மேஜையில் ஒருவர் ஜெயிப்பார். மீதி மேஜைகளில் பள்ளிப் பிள்ளைகளும், ரிட்டயர் ஆனவர்களும், ஐ.டி. வேலைக்காரர்களும், தங்களுக்குச் சமமான ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கதவுக்கு வெளியே அம்மா அப்பாக்கள் டிபன் கேரியரோடு நிற்பார்கள். உள்ளே இருக்கிற பிள்ளை மேதை ஆகுமா ஆகாதா என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்த கதை. ஆகாது என்று தெரிந்த அன்றைக்கு போர்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பெல்டிக்குகள் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு கதை சொல்ல நம்மிடம் இலக்கியம் இருக்க வேண்டும். பெரிய ஆளாகப் போவதில்லை என்று தெரிந்தபின்னும், ஒருவன் ஏன் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து போய், தன்னைப் போன்ற இன்னொருவன் எதிரே உட்காருகிறான்? அந்த ஆட்டத்தில் ரகசியமாக என்னென்ன நடக்கிறது? யாரும் பார்க்காதபோது தொட்ட குதிரையை நகர்த்துகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? இதற்கு மேதைகளின் கதைகளில் பதில் இல்லை. மேதைகளுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் இந்திக் கதையில் இதற்கான இடம் திறந்தது. பிரேம்சந்தின் கடைசிக் காட்சியில், இரண்டு ஆட்டக்காரர்களும் செத்துக் கிடக்க, பலகையில் இரண்டு ராஜாக்களும் அவரவர் சிம்மாசனத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் முடியவில்லை. அந்த ஃபர்ஜியும் இன்னும் வெட்டப்படவில்லை. மீரின் கை எடுபட்டதா என்று தீர்ப்புச் சொல்ல ஓர் ஆர்பிட்டரும் இன்றுவரை வரவில்லை. நம்மில் யாராவது எழுதலாம்.